"கம்பு வழுக்கிடுச்சுண்ணா!" சிலம்பப் பயிற்சியும் பொறுப்பேற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாக எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடக்கும் மாலை நேரச் சிலம்ப வகுப்பில் வாத்தியாருக்கு உதவியாக இருக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. வாத்தியார் அதிகம் பேச மாட்டார். அதனால் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் கேள்விகளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "இதுல சேர்த்துவிட்டா பையனுக்குப் பொறுப்பு வருமா?" வரும் என்று ஒரே வார்த்தையில் சொல்லி ஃபீஸை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், நின்றபடியே நான் சொன்ன பதில்களையும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன்.

பொறுப்பு என்றால் சொன்ன பேச்சைக் கேட்பதுதானே?

பெரும்பாலான பெற்றோர் மனதில் இருப்பது அதுதான். எழுப்பாமல் எழ வேண்டும், போனைக் கீழே வைக்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது. இதெல்லாம் கீழ்ப்படிதல். நல்ல விஷயம்தான். ஆனால் மிரட்டியே அதைக் கொண்டுவந்துவிட முடியும், மிரட்டியவர் தெருமுனை தாண்டியதும் அது போயும்விடும். நான் பொறுப்பு என்று சொல்வது வேறு. தான் செய்ததைத் தான் செய்ததாக ஒப்புக்கொள்வது, அப்புறம் அதைச் சரிசெய்ய இறங்குவது.

புதிதாகச் சேர்ந்த பையன் கையிலிருந்து கம்பு பறந்துபோய் விழும். எடுத்துக்கொண்டு வரும்போதே சொல்வான்: "கம்பு வழுக்கிடுச்சுண்ணா." இந்த விஷயத்தில் நம் மொழியே அவனுக்குத் துணை நிற்கிறது. டம்ளர் உடைஞ்சிடுச்சு, பஸ் போயிடுச்சு, மார்க் குறைஞ்சிடுச்சு. எல்லாமே தானாக நடந்தவை, செய்தவர் என்று யாருமே கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவளும் இந்த வகைதான். ஏழெட்டு மாதம் போன பிறகு அதே பையன், அதே மாதிரி கம்பு பறக்கும்போது, "பிடியை விட்டுட்டேண்ணா" என்பான். யாரும் அவனைத் திருத்தியிருக்க மாட்டார்கள். "வழுக்கிடுச்சு" எப்படி "விட்டுட்டேன்" ஆகிறது என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்ல முயல்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஆகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்து.

கம்பு சுற்றுவதால் அது எப்படி வரும்?

பழி போட ஆள் கிடைக்காததால் வரும் என்பது என் அனுபவம்.

கிரிக்கெட்டில் தோற்றால் கேட்ச் விட்டவன் இருக்கிறான், அம்பயர் இருக்கிறார், பிட்ச் இருக்கிறது. தனியாக ஒற்றைக் கம்பு சுற்றும்போது அங்கே இருப்பது நீங்களும் ஒரு மூங்கிலும் மட்டும். தரையில் ஊன்றினால் ஆடுகிறவரின் நெற்றி, புருவம் அளவுக்கு வரும் கம்பு அது. வீசும்போது கால் மாறத் தாமதமானால் கீழ்முனை கணுக்காலில் வந்து விழும். மணிக்கட்டு தளர்ந்தால் முழங்கை முட்டியில் விழும். பள்ளிக்கூடத்தில் படிக்காமல் விட்டதன் பலன் மூன்று மாதம் கழித்து விடைத்தாளில் வரும். அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும், அல்லது பத்துக் காரணம் சேர்ந்திருக்கும். இங்கே தவறுக்கும் அதன் பலனுக்கும் நடுவே மூச்சு விடக்கூட நேரமில்லை.

கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பையன் குதிக்கும்போது எங்கள் வாத்தியார் கேட்பது ஒரே கேள்வி: "எந்தக் கால்?" திட்டு கிடையாது, ஆறுதலும் கிடையாது. அவன் யோசித்து, "இடது கால் லேட்டு" என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் திருத்துவதில்லை. மறுபடி சுற்றச் சொல்வார். மறுபடி அதே இடத்தில் விழும். அப்புறம் அவனே கண்டுபிடிப்பான். பார்க்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் வலித்த நொடியிலேயே "நான் என்ன செய்தேன்" என்று பின்னால் திரும்பிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு வாரத்தில் இருபது தடவை வாய்ப்புக் கிடைப்பது வேறு எங்கே நடக்கிறது?

இன்னொன்று, எண்ணிக்கை. "வலது வீச்சு அம்பது" என்று சொல்லிவிட்டு வாத்தியார் மரத்தடிக்குப் போய்விடுவார். எண்ண மாட்டார். முடிந்ததும் "எத்தனை?" என்பார். முப்பத்தெட்டு போட்டுவிட்டு ஐம்பது என்கிறவர்கள் உண்டு. ஆரம்பத்தில் நானே அப்படித்தான். அவருக்குத் தெரியும், ஆனால் கேட்க மாட்டார். ஒருநாள் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, "நாப்பத்திரெண்டு. அதுக்கு மேல கை தூக்கலை" என்றாள். "சரி, நாளைக்கு எட்டு சேர்த்துப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பாராட்டு ஏதும் இல்லை. உண்மையைச் சொன்னதற்குக் கைதட்டல் வாங்கித் தரக் கூடாது, அது சாதாரணமாக நடக்க வேண்டிய விஷயம் என்பது அவர் கட்சி என்று நினைக்கிறேன். மறுநாள் அவள் ஐம்பத்தெட்டு போட்டாள். நான் எண்ணினேன்.

மூன்றாவது, கம்பு. ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்குமுன் அவரவர் கம்பை அவரவரே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரிசல் இருக்கிறதா, சிலாம்பு எழும்பியிருக்கிறதா, முனையில் பூண் போட்டிருந்தால் அது ஆடுகிறதா என்று. உங்கள் கம்பில் இருக்கும் சிலாம்பு எதிரே நிற்பவர் கண்ணில்தான் போய்க் குத்தும்.

முதல் சில வாரம் கம்பையே கையில் தர மாட்டேன் என்கிறார்களே?

கால்வரிசை வராதவன் கையில் கம்பு கொடுத்தால் அவனுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. ஜூடோவிலும் இப்படித்தான். யாரையும் தூக்கி எறியும் முன்னால், தான் பத்திரமாக விழுவதற்குப் பழக வேண்டும். உகெமி என்று அதற்குப் பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து விழுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும். சில அப்பாக்கள் இந்தக் கட்டத்திலேயே, "எப்ப சார் கம்பு சுத்துவான், வீடியோ எடுக்கணும்" என்று கேட்டுவிட்டு வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். தடுப்பதில்லை.

ஜோடி போட்டு ஆடும்போது அடி படாதா?

படும். சிராய்ப்பும் வீக்கமும் சகஜம். தலைக்கவசம் போட்டாலும் விரல்தான் முதலில் மாட்டும்.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் ஜோடி என்னைவிட ஆறு வயது சின்னவன், காலேஜ் பையன். அன்று ஆபீஸில் ஏதோ கசப்பு. அவன் வரிசையாக இரண்டு தடவை என் தோளைத் தொட்டுவிட்டான். மூன்றாவது முறை நான் நிறுத்த வேண்டிய வீச்சை நிறுத்தவில்லை. அவன் நடுவிரல் முறிந்தது.

எலும்பு டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினோம். வாத்தியார், "என்ன நடந்துச்சு?" என்றார். "அவன் கையைக் கீழ இறக்கிட்டான்யா" என்று ஆரம்பித்தேன். "அதை அவன்கிட்ட கேட்டுக்கிறேன். நீ என்ன செஞ்சே?" என்றார். கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. அப்புறம் சொன்னேன், "நிறுத்தலை." நிறுத்த முடியவில்லை என்றுதான் முதலில் நாக்கில் வந்தது. அது பொய்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அவங்க வீட்டுக்குப் போய் அவங்க அம்மாகிட்ட இதையே சொல்லிட்டு வா" என்றார். போனேன். அந்தம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "விளையாட்டுல இதெல்லாம் சகஜம் தம்பி" என்றார்கள். "இல்லம்மா, கோவத்துல அடிச்சேன்" என்று சொல்வதற்குள் அந்தக் காபி ஆறிப்போனது. ஆறு வாரம் அவன் வரவில்லை. திரும்பி வந்த அன்று வாத்தியார் எங்கள் இருவரையும் மறுபடி ஜோடி போட்டார். என் கம்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஜோடி ஆட்டத்தில் எதிரே இருப்பவன் எதிரி கிடையாது. தன் உடம்பை நம்பி உங்களிடம் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். ஜூடோவில் பிடியில் மாட்டியவர் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தட்டுவது அவர் பொறுப்பு, விடுவது உங்கள் பொறுப்பு. இரண்டில் எது தவறினாலும் கை உடையும்.

சிலம்பத்தில் மட்டும்தான் இப்படியா? கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ எல்லாம்?

எங்கள் கலைதான் உசத்தி என்று சொன்னால் என்னையே நான் நம்ப மாட்டேன். எந்தக் கலை என்பதைவிட யார் சொல்லித் தருகிறார், எப்படி என்பதுதான் முக்கியம்.

ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ தொழிலால் கல்வியாளர். 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரிக்கும் அளவே இருந்த இடத்தில் கோடோகான் என்ற ஜூடோ பயிற்சிக்கூடத்தை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 21. பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் ஆசியாவின் முதல் உறுப்பினரானார். ஜூடோவுக்கு மூலமான பழைய ஜப்பானியச் சண்டைக் கலை ஜுஜுத்ஸுவில் இருந்த ஆபத்தான அடிகளை ஆட்டத்திலிருந்து அவர் ஒதுக்கிவைத்ததற்கு ஒரு காரணம் உண்டு: ஆபத்தில்லாமல் முழு பலத்தோடு பழக முடிந்தால்தான் ஒருவருக்குத் தன் தவறு தெரியும். "தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது" என்பதை ஜூடோவின் இரண்டு கொள்கைகளில் ஒன்றாக வைத்தார். ஜப்பானிய முறைப்படி நடக்கும் பல கராத்தே, ஜூடோ கூடங்களில் பயிற்சி முடிந்ததும் பழகியவர்களே தரையைத் துடைப்பார்கள். எங்கள் மைதானத்தில் தரை துடைக்க முடியாது, ஆனால் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்குவது உண்டு. இதில் பெற்றோர் சிலருக்கு வருத்தம். "ஃபீஸ் கட்டித்தானே அனுப்புறோம்?" என்பார்கள்.

வாள்வீச்சையும் சொல்லலாம். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, தொடக்கத்தில் மூங்கில் குச்சியை வைத்துப் பழகியவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். முதல் ஆட்டத்தை 15-3 என வென்று, இரண்டாவதில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். தோற்ற அன்று சமூக ஊடகத்தில் அவர் எழுதியது, என்னால் முடிந்த அளவு முயன்றேன், வெல்ல முடியவில்லை, மன்னியுங்கள் என்ற பொருளில் இருந்தது. மன்னிப்பு எதற்கு என்று நாடே சொன்னது, எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அந்தச் சில வரிகளில் சாக்கு என்று ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் வகுப்பில் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒருவன், "தோத்ததுக்கு எதுக்குண்ணா சாரி, முயற்சி பண்ணலைன்னாதானே சாரி?" என்றான். நான் சொல்ல வந்ததைவிட அது நல்ல பேச்சு.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

இரண்டு பக்கமும் சொல்கின்றன. அதனால்தான் விளம்பரப் பலகைகளை நம்ப வேண்டாம் என்கிறேன்.

1986-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் டிரல்சன் ஒரு சோதனை செய்தார். சட்டத்தோடு மோதிய 13 முதல் 17 வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒன்றுக்குத் தியானம், மரியாதை, கலையின் தத்துவம் எல்லாம் சேர்ந்த பாரம்பரிய டேக்வாண்டோ. இன்னொன்றுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் விளையாட்டும். ஆறு மாத முடிவில் பாரம்பரிய முறையில் பழகியவர்களின் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. சண்டையை மட்டும் கற்றவர்களின் போக்கு முன்பைவிட மோசமாகியிருந்தது. சிறிய சோதனைதான். இருந்தாலும் அடியும் உதையும் இரண்டு குழுவுக்கும் பொது, சுற்றியிருந்த மற்றவைதான் வேறு என்பது யோசிக்க வைக்கிறது.

2004-இல் லேக்ஸ், ஹாய்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பள்ளியிலேயே டேக்வாண்டோ பழகிய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாதாரண உடற்பயிற்சி வகுப்பில் இருந்தவர்களைவிடத் தன்னடக்கத்தில் முன்னேறியிருந்தார்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் தரப்பட்டிருந்தன: நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும். எங்கள் வாத்தியாரின் "எந்தக் கால்?" எனக்கு ஞாபகம் வந்தது.

மறுபக்கம், நார்வேயில் எண்ட்ரசனும் ஓல்வியஸும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளு தூக்குதல், கிழக்காசியச் சண்டைக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட சிறுவர்களிடம், களத்துக்கு வெளியே சண்டையும் ஒழுங்குமீறலும் கூடியதை அது காட்டியது. கலை தானாக யாரையும் திருத்திவிடாது.

அடித்தால்தான் ஒழுக்கம் வரும் என்று மாஸ்டர் சொல்கிறார். சரியா?

தப்பு. அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மறைப்பதைத்தான். "வழுக்கிடுச்சு" என்று சொல்லவும்கூடத் துணியாமல், "நான் அந்தப் பக்கமே போகலை" என்பான். பள்ளிகளில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. மாலை நேர வகுப்புக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பொறுப்பு என்ற வார்த்தையைப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. மாஸ்டர் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் அது டிராஃபிக், பையன் ஐந்து நிமிடம் தாமதித்தால் இருபது தோப்புக்கரணம். நீங்கள் பார்க்க வேண்டியது இது: தன் தவறை மாஸ்டர் எப்போதாவது பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? எங்கள் வாத்தியார் ஒருமுறை ஒரு தடுப்பைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுவாரம் எல்லோரையும் உட்காரவைத்து, "போன வாரம் நான் சொன்னது தப்பு, மறந்துடுங்க" என்றார். ஒழுக்கத்தைப் பற்றி அவர் அன்றைக்கு வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் வகுப்பு, தனியாகப் பயிற்சி என்று பிள்ளையை மட்டும் வரச் சொல்லும் மாஸ்டர், இரண்டிலிருந்தும் உடனே விலகுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் புகார் செய்தாக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்கிறது. தெரிந்தும் வாய்மூடி இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

பெல்ட், சான்றிதழ் எல்லாம் பொறுப்புக்கு அடையாளம் இல்லையா?

ஜூடோவில் ஆரம்பத்தில் வெள்ளையும் கறுப்பும்தான். இடைப்பட்ட வண்ணங்கள் பின்னால் ஐரோப்பாவில் பரவியவை. படிப்படியாகப் போவதில் தவறில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், டெஸ்டுக்கு ஒரு கட்டணம், கட்டியவர் எல்லோரும் பாஸ் என்றால் அது கடை.

அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்று சேர்ப்பது தப்பா?

தப்பில்லை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கான 3% ஒதுக்கீட்டில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு எங்கள் வகுப்பிலும் கூட்டம் கூடியது உண்மை. பிழைப்புக்கு வழி கிடைத்தால் கலை வாழும்.

என் வருத்தம் வேறு. வயதுப் பிரிவில் இறக்குவதற்காகப் பிறந்த தேதியை மாற்றி எழுதித்தர முடியுமா என்று பெற்றோரே வந்து கேட்கிறார்கள். அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. மைதானத்தில் "நாப்பத்திரெண்டுதான் போட்டேன்" என்று சொல்லப் பழகுகிற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

அந்தக் காலத்தில் கம்பு முனையில் பொடி தடவி ஆடி, உடம்பில் விழுந்த புள்ளிகளை எண்ணுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே விழுந்த கறையை யாரும் மறுக்க முடியாது. இப்போது நடுவர் இருக்கிறார், அதனால் பட்டதைப் படவில்லை என்று சாதிக்க வாய்ப்பும் இருக்கிறது. எங்கள் வகுப்பு ஆட்டங்களில் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அடி பட்டவர்தான் கை தூக்கி "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒருவரும் சொல்வதில்லை. அப்புறம் ஒருவன் சொல்வான். அவனைப் பார்த்து அடுத்தவன் சொல்வான். வெளிப் போட்டிக்குப் போனால் இந்த வழக்கத்தால் புள்ளி போகும் என்று சண்டைக்கு வந்த அப்பாவும் உண்டு. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் வெளிப் போட்டியில் எப்படி நடந்துகொள்வது என்பதை அவரவர் முடிவுக்கே விட்டுவிட்டோம்.

சண்டை கற்றுக்கொண்டு பள்ளியில் எவனையாவது அடித்துவிட்டால்?

நடந்திருக்கிறது. எங்கள் விதி: வெளியே சண்டை போட்டால், மற்றவர் சொல்லி எங்களுக்குத் தெரியவரும் முன் நீயே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்பை விட்டு அனுப்ப மாட்டோம். என்ன நடந்தது, எந்த இடத்தில் ஒதுங்கிப் போயிருக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.

பெரிய பிள்ளைகளுக்குச் சட்டத்தையும் சொல்லித் தருகிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது கீழே விழுந்தவனை மறுபடி அடித்தால் அது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். நிறுத்த வேண்டிய வீச்சை நிறுத்தத் தெரிய வேண்டும் என்று மைதானத்தில் சொல்வதும் இதையேதான்.

பிளாக் பெல்ட் வாங்கினால் கையைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்ய வேண்டுமாமே?

இந்தியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. எங்கள் தலைமுறை முழுக்க நம்பி வளர்ந்த கதை அது.

பெண் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் அவள் பாதுகாப்பு அவள் பொறுப்பு ஆகிவிடுமா?

ஆகாது. இந்த ஒரு இடத்தில் பொறுப்பு என்ற வார்த்தையை ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும். தெருவில் ஒருவன் அவளிடம் தவறாக நடந்துகொண்டால் அதற்குப் பொறுப்பு அவன் மட்டுமே. "ரெண்டு வருஷமா சிலம்பம் கத்துக்கிட்டியே, ஏன் திருப்பி அடிக்கலை?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு மாதம் வகுப்புக்கு வரவில்லை. பயத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பு. பழகியவர்களுக்கும் அது நேரும். தன் காலடி தாமதமானதற்குப் பொறுப்பேற்பது வேறு, அடுத்தவன் செய்த குற்றத்தைத் தூக்கிச் சுமப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தராத வகுப்பு பெண் பிள்ளைகளுக்கு நல்லதைவிடக் கெட்டதையே அதிகம் செய்யும்.

நாற்பது வயதில் சேரலாமா?

தாராளமாக. முட்டியை மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். பெரியவர்களுக்குக் கஷ்டம் உடம்பில் அவ்வளவாக இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் "தப்பு என் மேலதான்" என்று சொல்ல வேண்டி வரும்போதுதான் கஷ்டம். அலுவலகத்தில் இருபது பேரை மேய்ப்பவர் ஒருவர் அதற்காகவே இரண்டாம் மாதத்தில் நின்றுவிட்டார்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

தேதி சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு எப்போதுமே இல்லை. அருமையாகக் கம்பு சுற்றுகிற, ஆனால் இன்னமும் எல்லாவற்றுக்கும் அடுத்தவரைக் கை காட்டுகிற ஒருவர் எங்களிடமே ஏழு வருடமாக இருக்கிறார். மைதானத்தில் வந்த பழக்கம் வீட்டுக்கும் தானாக நடந்து வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பு கீழே விழுந்தால் "விட்டுட்டேன்" என்கிற பையன், வீட்டில் "பால் பொங்கிடுச்சு" என்றுதான் சொல்வான்.

அப்படியானால் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அதிகம் செய்யாமல் இருங்கள். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் நீங்கள் எனக்கு மெசேஜ் அனுப்புகிறீர்கள்: "சார், தலைவலி, நாளை வருவான்." அவனையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது முடியும். போன வருடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் போனில் வந்தான். பக்கத்தில் அம்மா ஏதோ சொல்லிக்கொடுப்பது கேட்டது. "அண்ணா, எனக்குக் காய்ச்சல்..." என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "காய்ச்சல் இல்லண்ணா. வரப் பிடிக்கலை" என்றான். அம்மா போனைப் பிடுங்கி மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

சேர வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

தளர்வான உடை, தண்ணீர் பாட்டில். வெறுங்கால் போதும். கம்பு இப்போதே வாங்க வேண்டாம், வளர்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் அளவு மாறும். நேரம் வரும்போது வாத்தியாரே உயரம் பார்த்து வெட்டித் தருவார். திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30. பையைப் பிள்ளையே தூக்கிக்கொண்டு வரட்டும்.